வைக்கோல் போரிலிருந்து போடி வரை

ஏலக்காய் ஏலத்தால் பேர்பெற்ற போடிநாயக்கனூரும் அதன் மலையடிவாரமும் தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்குள் வருகின்றன. இந்தச் சபையின் வேர்களில் ஒன்றைத் தேடிப் போனால், 1806இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி அருகே ஒரு வைக்கோல் போர் வந்து நிற்கும். ஜெபிக்கக் கூடிய ஐந்து மாணவர்கள் இடிமழைக்கு அதன் ஓரம் ஒதுங்கி, கடல்கடந்து ஊழியம் செய்வதைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சே 1810இல் 'அமெரிக்கன் போர்டு' என்ற மிஷன் சங்கமாக வளர்ந்தது. ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816இல் யாழ்ப்பாணத்துக்கே வந்து, 1822இல் அங்கேயே இறந்தார். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மிஷன் மதுரைக்கு வந்தது. பிறகு பெரியகுளம் பக்கமும் பரவியது.

ஆங்கிலேய ஆட்சியின் தயவில் வளர்ந்ததுதானே என்று கேட்கலாம். 1812இல் கல்கத்தாவில் வந்திறங்கிய இச்சங்கத்தாரைக் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பது மட்டும் மறுக்க முடியாத உண்மை. ஆனால் பணத்தைவிட நீடித்தது மாணவர் கூட்டத்தின் குணம் என்பேன். அப்படிக் கூடுகிறவர்கள் நீ எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டு ஜெபிப்பதில்லை. 1908இல் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகள் இங்கே ஒன்றானபோது மதுரை மிஷனும் அதில் இருந்தது. 1919இல் தரங்கம்பாடியில் பெரும்பாலும் இந்தியப் போதகர்களே கூடி, முழு ஒன்றிணைப்புக்கு அழைப்பு விடுத்தார்கள். முன்னின்றவர் பேராயர் வேதநாயகம் அசரியா. அவர் ஆங்கிலிக்கன்தான்; ஆனால் அதற்குமுன் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பல பிரிவு இளைஞர்களோடும் பழகியவர். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

அந்தப் பிரிவுகளே கப்பலில் வந்தவை, நம்மவர்களுக்கு அவற்றின்மேல் என்ன பாசம், அதனால்தான் எளிதில் இணைந்தார்கள் என்பது வலுவான மறுப்பு. பாதி உண்மையும்கூட. ஆனால் அதே பிரிவுகள் வடக்கிலும் இறங்கின. அங்கே இணைப்பு கைகூட 1970 ஆயிற்று. இந்த மறுப்பு உண்மையில் குத்துவது வேறோரிடத்தில். சாதி கப்பலில் வரவில்லை. அதைக் கைவிட மறுத்தவர்களை, உபதேசியார்கள் உட்பட, மதுரை மிஷன் 1847இல் சபையிலிருந்து நீக்கியது. மிஷன் பிரிவுகள் நூறாண்டில் கலந்துவிட்டன. சாதியோ தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களின் பெண் பார்க்கும் பேச்சில் இன்றைக்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.