பால் காய்ச்சும் முன்பே



சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். 'டு லெட்' பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டினால், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே கேள்விகள் வரும். எத்தனை பேர்? சைவமா, அசைவமா? என்ன ஆளுங்க? வேலைக்குப் போகும் பெண், தனியாகத்தான் இருக்கப் போகிறார் என்றால் பல வீடுகளில் அதோடு பேச்சு முடிந்தது.

இதையெல்லாம் தாண்டினால் அட்வான்ஸ். வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாத அட்வான்ஸ் 80,000. தரகருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை. பால் காய்ச்சும் முன்பே 96,000 ரூபாய் போய்விடும். மாதாமாதம் 8,000 கொடுக்க முடிந்த குடும்பம்தான். ஒரே நாளில் லட்சம் ரூபாய் புரட்ட எங்கே போகும்? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சாமி படத்துக்குப் பின்னால் அடகுக் கடை ரசீதை நான்காக மடித்துச் செருகி வைத்திருக்கிறார்கள். குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. சங்கிலி இன்னும் வரவில்லை, வட்டிதான் போய்க்கொண்டிருக்கிறது.

2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் வீட்டுக்காரரும் குடிவருபவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் இது பொருந்தாது என்று அதே பிரிவு வழியும் விட்டிருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டார்? அந்த விலக்கை அரசு நீக்கியே ஆக வேண்டும்.

வீட்டுக்காரர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. பென்ஷனோடு மாடிப் போர்ஷன் வாடகையும் வந்தால்தான் மாதம் ஓடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். குடிவந்தவர் பாக்கி வைத்தால் என்ன செய்வது? ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். இரண்டு மாத வாடகை நிலுவையில் நின்றாலே வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம்.

உங்கள் வீட்டில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தால், அடுத்து வருகிறவரிடம் மூன்று மாத அட்வான்ஸ் மட்டும் கேளுங்கள். என்ன ஆளுங்க என்று கேட்காதீர்கள்.