67 நிமிடத் தீர்ப்பும் 65 ஆண்டுத் தயாரிப்பும்

(ஆய்வு மாணவர்களின் மாதக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எம்மெட் டில் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். சிறுவனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வழக்கு நடந்த ஊரைப் பற்றி விரிவாகப் பேசுகிறேன் என்றேன். சரி என்றார்கள். அந்த ஊரின் பெயர் சம்னர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டாலஹாச்சி கவுண்டியில் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. ஆனால் கொலைகாரர்களை விடுவித்த ஒரு தீர்ப்பு எப்படித் தயாராகிறது என்பதை அந்த ஊரைப் படித்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். 1955 ஆகஸ்டில், சிகாகோவைச் சேர்ந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில், மிசிசிப்பியில் உள்ள உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தான். கடைக்குப் போன இடத்தில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டான் என்று அவன்மீது பழி விழுந்தது. ஆகஸ்ட் 28 விடியுமுன் அந்தப் பெண்ணின் கணவர் ராய் பிரையன்ட்டும், அவருடைய, தாய் ஒன்று தந்தை வேறான சகோதரர் ஜே.டபிள்யூ. மைலமும் துப்பாக்கியோடு வந்து சிறுவனைத் தூக்கிச் சென்றார்கள். மூன்று நாள் கழித்து டாலஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. பருத்தி ஜின்னிங் ஆலையின் இரும்பு விசிறி கழுத்தில் முள்கம்பியால் கட்டப்பட்டிருந்தது. தாய் மேமி சிகாகோவில் சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். என் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்றார். 'ஜெட்' இதழ் அந்தப் படத்தை அச்சிட்டது.

உடல் கிடைத்த இடம் டாலஹாச்சி கவுண்டி எல்லைக்குள் வந்ததால் வழக்கு சம்னருக்கு வந்தது. இந்தக் கவுண்டிக்கு இரண்டு தலைநகர்கள் உண்டு. ஒன்று சார்ல்ஸ்டன், மற்றொன்று சம்னர். தலைநகர் என்றதும் பெரிய ஊர் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் சில நூறு பேர். காசிடி ஓடைக் கரை, நடுவில் ஒரு சதுக்கம், சதுக்கத்தின் மத்தியில் நீதிமன்றக் கட்டடம், சுற்றிலும் கடைகள், வக்கீல் அலுவலகங்கள். வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் பருத்தி. பிள்ளை வளர்க்க நல்ல ஊர் என்று ஊர் எல்லையில் பலகை வைத்திருந்தார்கள். வழக்குக்கு வந்த நிருபர்களின் கண்ணில் அந்தப் பலகை பட்டது.

கவுண்டித் தலைநகரின் நீதிமன்றம் என்பது வழக்கு நடக்கும் இடம் மட்டும் கிடையாது. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தாலுகா அலுவலகம், பத்திரப் பதிவு, கஜானா, போலீஸ், கோர்ட் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கூரையின் கீழ் இருப்பது மாதிரி. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற பதிவு அங்கே. வாக்காளர் பட்டியல் அங்கே. அந்தப் பட்டியலிலிருந்துதான் ஜூரிக்கு ஆள் எடுப்பார்கள். இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1955ல் இந்தக் கவுண்டி மக்களில் 60 சதவீதத்துக்கும் மேல் கறுப்பர்கள். வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர்களின் எண்ணிக்கை பூஜ்யம். எப்படி? 1890ல் மிசிசிப்பி தனக்கொரு புதிய அரசியல் சாசனம் எழுதிக்கொண்டது. அதில் கறுப்பர் என்ற சொல்லைப் போட்டு வாக்குரிமையைப் பறிக்கவில்லை. வாக்களிக்க இரண்டு டாலர் தலைவரி கட்ட வேண்டும் என்றது. சாசனத்தின் ஏதாவது ஒரு பிரிவை வாசிக்க வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும் என்றது. சொன்ன பொருள் சரியா தவறா என்று முடிவு செய்தவர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர். அவர் வெள்ளையர். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும் வெள்ளையர்கள்.

ஒரு மேசை, ஒரு பதிவேடு, ஒரு பேனா. கைகலப்பு கிடையாது, ரத்தம் கிடையாது. எழுத்தர் தலையாட்டி மறுத்தால் ஒருவருக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லை என்றால் ஜூரியில் இடமில்லை. ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்க முடியாது, நீதிபதியைத் தேர்ந்தெடுக்க முடியாது, அரசு வழக்கறிஞரையும் தேர்ந்தெடுக்க முடியாது. அங்கே இந்தப் பதவிகள் எல்லாம் தேர்தலில் நிரப்பப்படுபவை. அதையும் மீறிப் பதிவு செய்யப் போனவர்களுக்கு வேலை போகும், வீடு போகும், உயிரும் போகும்.

அந்த ஷெரிஃபைப் பாருங்கள். எச்.சி. ஸ்ட்ரைடர். பெரிய பருத்திப் பண்ணைக்காரர். பண்ணையில் வாரத்துக்கு உழுத கறுப்பின மக்களின் வீட்டுக் கூரைகளில், கூரைக்கு ஓர் எழுத்தாகத் தன் பெயரை எழுதி வைத்திருந்தார். பண்ணையாரும் அவர்தான், போலீஸும் அவர்தான். கொலை வழக்கில் ஷெரிஃப் சாட்சியம் சொல்வது வழக்கம்தான். இவர் சொன்னது குற்றவாளிகள் தரப்புக்காக. ஆற்றில் கிடைத்த உடல் எம்மெட்டுடையதுதானா என்றே சொல்ல முடியாது என்றார். பெற்ற தாய் என் மகன்தான் என்று அதே கூண்டில் சொல்லியிருந்தார்.

செப்டம்பர் 19, திங்கட்கிழமை விசாரணை தொடங்கியது. சம்னரில் இருந்த ஐந்து வக்கீல்களும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் நின்றார்கள். கடைகளில் அவர்களுக்காக உண்டியல் வைத்துப் பணம் சேர்த்தார்கள். ரொட்டி வாங்க வந்தவர் மிச்சச் சில்லறையை அதில் போட்டுவிட்டுப் போனார். கறுப்பின நிருபர்களுக்கு நீதிமன்ற அறையின் ஓரத்தில் ஒரு சின்ன மடக்கு மேசை கொடுத்தார்கள். மிச்சிகன் மாநிலத்திலிருந்து வந்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்கும் அந்த மேசைதான், எம்மெட்டின் தாய்க்கும் அந்த மேசைதான். சம்னரில் கறுப்பர்கள் தங்க இடம் கிடையாது. அருகே வேறொரு கவுண்டியில், அடிமைகளாக இருந்தவர்கள் 1887ல் தாங்களே உருவாக்கிய மவுண்ட் பயூ என்ற ஊரில் தங்கி, தினமும் வந்து போனார்கள்.

ஜூரியில் 12 பேர், எல்லோரும் வெள்ளை ஆண்கள். பெண்களுக்கும் அன்று மிசிசிப்பி ஜூரியில் இடமில்லை. செப்டம்பர் 23 வெள்ளிக்கிழமை உள்ளே போனவர்கள் 67 நிமிடத்தில் திரும்பி வந்து, குற்றவாளிகள் இல்லை என்றார்கள். சோடா குடிக்க நிற்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஒருவர் சொன்னார்.

இந்த 67 நிமிடத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் அதற்கு முந்தைய 65 ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறேன். 1890ல் தொடங்கி 1955 வரை, ஒவ்வொரு வேலை நாளும் அந்தத் தீர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாக எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது. ஜூரியில் இருந்தவர்களுக்கு உண்மை தெரியாமல் இல்லை. 1962ல் ஹியூ விட்டேக்கர் என்ற முதுகலை மாணவர் அவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார். அவனைக் கொன்றவர்கள் இவர்கள்தான் என்பதில் தங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை என்றே அவரிடம் பேசியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வழக்கு முடிந்து நான்கு மாதத்துக்குள், 1956 ஜனவரியில், பிரையன்ட்டும் மைலமும் பணம் வாங்கிக்கொண்டு 'லுக்' இதழில் நாங்கள்தான் கொன்றோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை விசாரிக்க முடியாது என்ற சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு இருந்தது. சட்டம் அவர்களை மட்டும் கவனமாகக் காத்தது.

இப்படிச் சொன்னால் கறுப்பின மக்கள் வெறுமனே பாதிக்கப்பட்டவர்களாகவே நின்றார்கள் என்று ஆகிவிடும். அது பொய். மோஸ் ரைட், எம்மெட் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர், 64 வயது. வாரத்துக்கு உழுதவர், பிரசங்கியாரும்கூட. நிரம்பிய நீதிமன்றத்தில் எழுந்து நின்று, சிறுவனைத் தூக்கிப் போனவர்களை விரல் நீட்டி அடையாளம் காட்டினார். 18 வயது வில்லி ரீட், அடி விழும் சத்தம் களஞ்சியத்திலிருந்து கேட்டதைச் சொன்னார். இருவரும் அதன்பின் அங்கே வாழ முடியவில்லை. மோஸ் ரைட் விளைந்த பருத்தியை வயலிலேயே விட்டுவிட்டு சிகாகோ போனார். இரண்டு மாதத்துக்குள், ஆள் கடத்தல் வழக்குக்காகப் பக்கத்துக் கவுண்டியின் விசாரணைக் குழுவுக்கு முன் சாட்சி சொல்ல இருவரும் மிசிசிப்பிக்குத் திரும்பி வந்தார்கள். யோசித்துப் பாருங்கள், திரும்பி வந்தார்கள். அந்தக் குழு வழக்கே வேண்டாம் என்று முடித்தது.

பிரையன்ட் கடைக்கு வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள்தான். அவர்கள் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். கடை மூடப்பட்டது. நீதிமன்றம் கொடுக்காத தண்டனையில் ஒரு சிறு பகுதியை, உப்பும் மாவும் வாங்க வந்தவர்கள் கொடுத்தார்கள். நவம்பர் 27 அன்று மான்ட்கோமரியில் ஒரு தேவாலயத்தில் டாக்டர் டி.ஆர்.எம். ஹோவர்ட் இந்த வழக்கைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் ரோசா பார்க்ஸ் ஒருவர். நான்கு நாள் கழித்துத்தான் அவர் பேருந்தில் எழ மறுத்தார். ஒரு கூட்டத்தில் பேசி என்ன ஆகப் போகிறது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அதன்பின் சம்னர் என்ன ஆனது? ஐம்பது ஆண்டு வாய் திறக்கவில்லை. வழக்கின் எழுத்துப் பதிவே காணாமல் போயிருந்தது. 2004ல் மறுவிசாரணை தொடங்கிய பிறகுதான் ஒரு நகல் கிடைத்தது. வாக்குரிமைச் சட்டம் வந்து பல பத்தாண்டுகள் கழித்து, கவுண்டி மேற்பார்வைக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவரான ஜெரோம் லிட்டில் முயற்சியில் 2006ல் ஒரு நினைவுக் குழு உருவானது. 2007 அக்டோபர் 2 அன்று அதே நீதிமன்ற வாசலில், எம்மெட்டின் உறவினர்கள் முன்னால் ஒரு தீர்மானம் வாசிக்கப்பட்டது. நீதி தவறியதற்கு 'ஆழ்ந்த வருத்தம்' என்றது அது. வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு. எந்தச் சொல்லைப் போடுவது என்று அவர்களும் உள்ளே விவாதித்துத்தான் வந்தார்கள். வாசலில் 1913ல் வைத்த, அடிமை முறைக்காகப் போரிட்ட கூட்டமைப்புப் படைவீரனின் சிலை அன்றும் நின்றுகொண்டிருந்தது.

கட்டடம் இடிந்து விழும் நிலையில் இருந்தது. நீதிமன்றம் போனால் சம்னரில் வக்கீல் இல்லை, மதியச் சாப்பாட்டுக் கடை இல்லை, ஊரே இல்லை. பழுது பார்க்கும் பணம் எம்மெட்டின் பெயரால்தான் வந்தது. 1955ல் எப்படி இருந்ததோ அப்படியே அதைச் சீரமைத்தார்கள். அந்தச் சிறுவனுக்கு நீதி தராத ஊர், அவன் பெயரைக் கொண்டு உயிர் பிழைத்திருக்கிறது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்த அறையில் இன்றும் வழக்குகள் நடக்கின்றன. இன்றைக்குக் கூண்டில் நிற்பவர்கள் அந்தக் கதை தெரிந்த அறையில் நிற்கிறார்கள். அது சிறிய விஷயம் இல்லை.

ஆற்றங்கரையில் 2008ல் நினைவுப் பலகை வைத்தார்கள். திருடிப் போனார்கள். அடுத்ததைத் துப்பாக்கியால் சுட்டார்கள். அதற்கடுத்ததையும் சுட்டார்கள். 2019ல் குண்டு துளைக்காத, 500 பவுண்டுக்கும் மேல் எடையுள்ள இரும்புப் பலகை வைத்தார்கள். 2023 ஜூலை 25, எம்மெட்டின் பிறந்த நாளன்று, அந்தக் கரையும் நீதிமன்றமும் சிகாகோ தேவாலயமும் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டன.

நான் பேசத் தொடங்கியதிலிருந்து உங்கள் மனதில் வேறு சில ஊர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை நான் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கொலை வழக்கில் விடுதலை என்று செய்தி வரும்போது நாம் நீதிபதியின் பெயரைத் தேடுகிறோம். அதோடு நிறுத்த வேண்டாம். அந்த ஊரின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை, சாட்சி சொன்னவர் அடுத்த அறுவடைக்கு அந்த ஊரில் இருந்தாரா, கடையில் உண்டியல் யாருக்காக வைத்தார்கள் என்று தேடுங்கள். தீர்ப்பு அங்கேதான் முதலில் எழுதப்படுகிறது. அங்கேதான் அதை மாற்றி எழுதவும் முடியும்.