சந்திரகிரிக்குச் செல்வோம்



தணிகை மலையைப் பாடாத கவிஞர் இவ்வவையில் இல்லை. திருப்பதியை அடுத்து நிற்கும் சந்திரகிரிக் கோட்டையைப் பாடியவர் எத்தனை பேர்?

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்த அரசு, இரண்டாம் வேங்கடபதி ராயர் காலத்தில் சந்திரகிரியைத் தலைநகராகக் கொண்டது. அங்குள்ள மூன்றடுக்கு இராஜ மகால் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, மரமின்றி எழுப்பப்பட்டது. அருகே இராணி மகால். இராஜ மகால் இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். மன்னர் உலவிய கூடங்களில் சிற்பங்கள் நிற்கின்றன.

1639-இல் ஆங்கிலக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் நிலம் அளித்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கர், இவ்வரசுக்கு உட்பட்டவர். நம் தலைநகரின் பிறப்புக் கதையில் அம்மாளிகைக்கும் பங்குண்டு.

ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. சந்திரகிரி ஆந்திரத்தில் இருந்தது. "போராடிப் பிரிந்து வந்த நாம் அவர்கள் அரண்மனையை ஏன் பாட வேண்டும்?" என்று அன்பர் சிலர் கேட்கலாம். ஆட்சிக்கு எல்லை வேண்டும், அதற்காகவே போராடினோம். கவிஞனின் நினைவுக்கு அவ்வெல்லை வேலியாகலாமா? இருமொழியும் புழங்கும் ஊரில் வாழும் நாம் பாடாவிடில், வேறு யார் பாடுவார்?

எனவே பதினோராம் ஆண்டில் நம் கூட்டம் ஒன்றை, தெலுங்குக் கவிஞர்களையும் அழைத்து, அக்கோட்டை அடிவாரத்தில் நடத்த வேண்டுமென முன்மொழிகிறேன்.