பசை நீங்குக, வண்ணம் தங்குக

திருகோணமலை அன்புவழிபுரத்து வீடொன்றின் அலுமாரியில், தந்தை தம் கையால் வண்ணந் தீட்டிய மாதிரிக் கார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன்மேல் ஒட்டிய மாஸ்கிங் டேப் ஆண்டுக்கணக்காக உரிக்கப்படவில்லை. மோட்டார் வண்டிகளுக்கு இருவண்ணம் தீட்டுவோர்க்கென அமெரிக்கரான றிச்சட் ட்ரூ 1925-ஆம் ஆண்டில் அமைத்த நாடா அது. தீட்டியவுடன் உரித்தால் தடமின்றி வரும். நெடுநாள் விட்டாலோ, அதன் இறப்பர்ப் பசை வெப்பத்தால் இளகிப் பரவி, பின்னர் காற்றுப்பட்டு இறுகிவிடும்.

கத்தியால் சுரண்டினால் வண்ணமும் உடன் போம்; தின்னர் இட்டால் வண்ணத்தோடு பிளாஸ்டிக்கும் கரையக்கூடும். அடிப்புறத்தில் சோதித்த பின், தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு, மென்துணியால் ஒற்றியெடுத்து, சவர்க்கார நீரால் கழுவுதல் நன்று. ஒருமுறையில் நீங்காதாயின் மறுமுறையும் செய்க. எஞ்சிய பசையை நாளையும் நீக்கலாம். தந்தை தீட்டிய வண்ணம் போயின் மீளாது.