ஏமாந்தவள் தொடங்கிய குரூப்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்ம கூட்டமைப்பில் வாட்ஸ்அப் குரூப் எப்படி வந்தது, அதனால் என்ன பலன் என்று பேசச் சொன்னாங்க. அதைச் சொல்லணும்னா நான் ஏமாந்த கதையை முதலில் சொல்லணும்.

நான் ஊறுகாய், வற்றல், வடகம் போட்டு விற்கிறவள். எங்க குழுவுக்கு ஊக்குநரும் நான்தான். மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பேங்க் தவணைக்காக உறுப்பினர்கள் சிலர் என் நம்பருக்குப் போனிலேயே பணம் போட்டாங்க. மொத்தம் 11,400 ரூபாய். மீதிப் பேர் ரொக்கமாகத் தந்தாங்க. திங்கட்கிழமை ரெண்டையும் சேர்த்துக் குழுக் கணக்கில் கட்டிடலாம்னு இருந்தேன். குழுப் பணத்தை என் கணக்கில் வாங்கினதே முதல் தப்பு. அதை இந்த மேடையில் ஒத்துக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். பெரிய விடுதிக்கு 40 கிலோ மாங்காய் ஊறுகாய் வேணும், முன்பணம் இப்பவே அனுப்புறேன்னு ஒருத்தர் மரியாதையாகப் பேசினார். ஒரு படம் அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்கம்மா, பணம் உங்களுக்கு வந்துடும்" என்றார். போட்டேன். "வரலையா? இன்னொரு தடவை போடுங்க" என்றார். மறுபடியும் போட்டேன். குழுப் பணம் 11,400, என் சேமிப்பு 7,100, ஆக 18,500 ரூபாய் போயிடுச்சு.

ஒன்பது நாள் யாருகிட்டயும் சொல்லலை. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா போனைப் பிடுங்கிடுவார். குழுவுக்குத் தெரிஞ்சா பணத்தை எடுத்துக்கிட்டு நாடகம் ஆடுறான்னு சொல்லுவாங்க. காதுத் தோட்டை அடகு வைச்சுத் தவணையைக் கட்டினேன். தோடு எங்கேன்னு மாமியார் கேட்டப்போ திருகு கழண்டிருக்கு, ஆசாரிகிட்ட கொடுத்திருக்கேன்னு பொய் சொன்னேன்.

அப்புறம்தான் ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. ஒன்று, நமக்குப் பணம் வரணும்னா பின் நம்பர் போடவே வேண்டாம். பணம் வரும்னு சொல்லிப் பின் கேட்டாலே நம்ம கணக்கிலிருந்து பணம் போகப்போகுதுன்னு அர்த்தம். இரண்டு, ஏமாந்த உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தால், பணம் கைமாறுவதற்கு முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும். பணத்தைத் தொலைச்சது என் விரல். அதைத் திரும்பப் பெறும் வாய்ப்பைத் தொலைச்சது என் வெட்கம்.

அந்த மாதக் கூட்டத்தில் தீர்மான நோட்டு எழுதி முடிச்சதும் நடந்ததையெல்லாம் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். ஒரு அக்கா எழுந்து, "எனக்கும் நடந்துச்சுடி" என்றாங்க. மகளிர் உரிமைத் தொகை வந்திருக்குன்னு ஓடிபி கேட்ட போனில் அவங்க 2,000 ரூபாயை விட்டிருக்காங்க. இன்னொரு தங்கச்சி, போனில் கடன் தரும் செயலியில் 5,000 ரூபாய் வாங்கி, கட்டிய பிறகும் அவங்க விடாமல், சொந்தக்காரர் நம்பருக்கெல்லாம் அவள் படத்தை அனுப்பி மிரட்டினதைச் சொல்லி அழுதாள். எங்களுக்கெல்லாம் தெரியாமல் ஆறு மாசம் அவள் அதைத் தனியாகச் சுமந்திருக்கா.

வாராவாரம் ஒரே பாயில் உட்கார்ந்து சந்தா கட்டுறோம். யார் வீட்டு மாடு கன்று போட்டது என்றுகூடத் தெரியும். ஆனால் கையில் இருக்கிற போன் நம்மை என்ன செய்யுதுன்னு ஒருத்திக்கொருத்தி பேசினதே இல்லை. அதைப் பேசத்தான் குரூப் தொடங்கினோம். "திண்ணை" என்று பெயர் வைச்சோம்.

தொடங்கினது சுலபம், நடத்துறதுதான் கஷ்டமா இருந்துச்சு. முதல் வாரம் முழுக்கக் காலை வணக்கப் படமும் சாமி படமும்தான். பாதிப் பேருடைய நம்பர் வீட்டுக்காரர் நம்பர். பெண்கள் பேசுறதை ஆண்கள் கேட்கிறாங்கன்னு யாரும் வாய் திறக்கலை. இதைப் பற்றியே ஒரு கூட்டம் போட்டு நாலு விதி வைச்சோம்.

முதல் விதி: ஏமாந்தவளைக் கேலி பண்ணக் கூடாது. "இதுகூடவா தெரியாது" என்ற வார்த்தையே வரக் கூடாது.

இரண்டாவது: வந்த செய்தியை அப்படியே அனுப்பக் கூடாது. யார் சொன்னது, எப்போ நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போடணும்.

மூன்றாவது: பாஸ்புக், ஆதார், ஓடிபி, பிள்ளைகள் படம், எதையும் குரூப்பில் போடக் கூடாது.

நான்காவது: எழுதத் தெரியாதவங்க குரலில் பேசலாம். புதன்கிழமை ராத்திரி எட்டு மணி முதல் ஒன்பது வரைக்கும்தான் பேச்சு.

இரண்டாவது விதி எதுக்குன்னு சிலர் கேட்டாங்க. 2018 மே மாதம் நம்ம திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை நினைச்சுப் பாருங்க. குலதெய்வம் கும்பிட வந்த ஒரு வயதான அம்மா, பிள்ளைகளுக்கு ஆசையாய்ச் சாக்லேட் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு போனில் பரவியிருந்த வதந்தியை நம்பி ஊர்க்காரங்களே அடிச்சுக் கொன்னுட்டாங்க. இந்தியாவில் பல இடத்தில் இப்படி நடந்த பிறகு, அந்த ஜூலையில் வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குரூப்புக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு அறிவிச்சது. ஐந்து பேருக்கு அனுப்பினாலும் பொய் பொய்தான். அதை நிறுத்துறது நம்ம விரலில்தான் இருக்கு.

அப்போ போனே வேண்டாமான்னு கேட்பீங்க. அப்படிச் சொல்ல மாட்டேன். பக்கத்துப் புதுச்சேரியில் 1998-லேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்காக அலை உயரம் எவ்வளவு என்ற கணிப்பை இணையத்தில் பார்த்து ஒலிபெருக்கியில் சொன்னாங்க. 2004 சுனாமி அன்று நல்லவாடு என்ற ஊரில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை போனில் எச்சரிக்க, ஒலிபெருக்கியில் அறிவிச்சு ஊரே தப்பிச்சது. செய்தி ஒருத்தர் போனுக்குத்தான் வந்தது. அதை எல்லாருக்கும் சொல்ல ஏற்பாடு இருந்ததால்தான் உயிர் பிழைச்சாங்க.

அதிலிருந்துதான் எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. எங்க குழுவில் நாலு பேரிடம் பெரிய போன் கிடையாது. அவங்களுக்காக, திண்ணையில் பேசினதை வாரக் கூட்டத்தில் பத்து நிமிஷம் வாயால் சொல்றோம். ஒலிபெருக்கி நாங்களேதான்.

கடன் செயலியில் மாட்டின தங்கச்சிக்காக எல்லாரும் சேர்ந்து விசாரிச்சோம். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொன்ன விதிப்படி, கடன் செயலிகள் நம்ம போனில் உள்ள தொடர்பு எண்களையோ படங்களையோ எடுக்கக் கூடாது. இது தெரிஞ்ச பிறகு அவள் தைரியமாகப் புகார் கொடுத்தாள். நாங்க ஏழு பேர் கூடப் போனோம். மிரட்டல் நின்றது. அதைவிடப் பெரிசு, அவள் மறுபடியும் குழுவுக்கு வர ஆரம்பிச்சாள்.

போன தை மாசம் ஒரு புதன்கிழமை, ஒரு அக்கா பதறிக்கொண்டு குரல் செய்தி போட்டாங்க: "ஒருத்தன் ஸ்கேன் பண்ணச் சொல்றான், பணம் வரும்ங்கிறான், போடலாமா?" ரெண்டு நிமிஷத்தில் பதினோரு பேர் "போடாதே" என்று கத்தினாங்க. அந்த அக்காவின் 9,000 ரூபாய் தப்பிச்சது. அன்னிக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போகுதுன்னு பொய் சொல்ல மாட்டேன். என் 18,500 திரும்பி வரலை. ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டுக் குரூப்பை விட்டுப் போனாங்க. வீட்டுக்காரர் போனில் இருப்பவங்க இன்னும் மனசு விட்டுப் பேச முடியலை. அதற்காகத்தான் கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். நம்ம உள்கடனில், தன் பெயரில் சிம்மும் போனும் வாங்க விரும்புகிற உறுப்பினருக்கு முன்னுரிமை கொடுக்கணும். ஆடு வாங்கக் கடன் தருகிற மாதிரி இதற்கும் தரலாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்க குழுவில் ஏமாந்த ஒருத்தி கட்டாயம் இருப்பாள், இன்னும் சொல்லாமல் இருப்பாள். அடுத்த கூட்டத்தில் சந்தா வாங்கின பிறகு, "யாருக்காவது போனில் ஏதாவது நடந்துச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டுட்டு அமைதியாக இருங்க. அவள் பேசுவாள்.

தோட்டை மீட்டுட்டேன். இதோ, இன்னிக்குப் போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கேன். மாமியாரிடமும் உண்மையைச் சொல்லிட்டேன். அவங்களும் இப்போ புதன்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து திண்ணையைக் கேட்கிறாங்க.