மேகம் விலகக் காத்திராமல்



மன்றாட்டு மாலையில் அன்னை மரியாவை விடியற்கால நட்சத்திரம் என்று அழைக்கிறோம். வானத்தில் நாம் காணும் அந்த விடிவெள்ளி உண்மையில் விண்மீன் அல்ல, வெள்ளி என்னும் கோள். அதைப் போர்த்தியிருக்கும் கந்தக அமில மேகங்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் அது அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. அதே மேகங்கள் அதன் தரையை மறைத்தும் விடுகின்றன.

மறைந்திருப்பதைப் பற்றிப் பேச மனிதருக்குத் தயக்கமே இருப்பதில்லை. மேகம் இருந்தால் மழை, மழை பெய்தால் சதுப்பு நிலமும் காடும் என்று கற்பனை வளர்ந்தது. நோபல் பரிசு பெற்ற அர்ரேனியுஸ்கூட அப்படித்தான் எழுதினார். உண்மையில் அங்கே ஈயம் உருகும் வெப்பம்! கதவைச் சாத்திக்கொண்டு வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றி நம் தெருவில் உலவும் கதைகளை எண்ணிப் பாருங்கள்.

1990 ஆகஸ்டில் அமெரிக்காவின் மெகல்லன் விண்கலம் வெள்ளியைச் சுற்றத் தொடங்கியது. மேகம் விலகட்டும் என்று அது காத்திருக்கவில்லை. அந்த மேகம் விலகுவதே இல்லை. ஆனால் ரேடியோ அலைகள் அதை ஊடுருவும். விண்கலம் அலைகளைச் சாய்வாகத் தரைக்கு அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டது. கரடுமுரடான தரை அலையைப் பலமாகத் திருப்பும். படத்தில் அது வெளிச்சமாக விழும். வழவழப்பான தரையில் பட்ட அலை வேறு பக்கம் போய்விடும். அந்த இடம் இருட்டாகத் தெரியும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு பட்டைதான் கிடைத்தது. பாய் முடைவதுபோலப் பட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து, கோளின் 98 விழுக்காட்டை வரைந்தார்கள். வீடு மந்திரிக்கப் போகும் குருக்களுக்கு இது புரியும்: ஐந்து நிமிடத்தில் எந்த வீடும் தன்னைக் காட்டிவிடாது.

1994 அக்டோபரில் மெகல்லன் வெள்ளியின் காற்று மண்டலத்தில் விழுந்து அழிந்தது. படங்கள் மிஞ்சின. வெள்ளியைப் பற்றித் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது என்று அவற்றை மூடி வைத்திருக்கலாம். "அவர் அப்படித்தான், எனக்குத் தெரியாதா?" என்று கணவரைப் பற்றி, மருமகளைப் பற்றி, பேச்சு நின்றுபோன அண்ணனைப் பற்றி நாம் சொல்லி முடித்துவிடுகிறோமே, அதுபோல.

ராபர்ட் ஹெரிக் என்ற ஆய்வாளர் அப்படி முடித்துவிடவில்லை. 1991 பிப்ரவரியிலும் அக்டோபரிலும் பதிவான இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். மாட் மோன்ஸ் என்னும் எரிமலையில் ஒரு வாய், அந்த எட்டு மாதங்களுக்குள் ஏறத்தாழ இரு மடங்காக விரிந்திருந்தது. 2023-இல் அதை வெளியிட்டார்கள். 30 ஆண்டுகளாக அந்தப் படங்கள் கையில்தான் இருந்தன.