எலிக்கு வைத்த நஞ்சு யாருக்குப் போகிறது?
(பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேசப்போவது எலிப் பாஷாணம் பற்றி. எலி நமக்குப் பெரிய தொல்லைதான், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அரிசி, மா, பிள்ளைகளின் புத்தகம் ஒன்றையும் விடாது, எலிக்காய்ச்சலையும் கொண்டுவரும். அதனால் ஒரு பக்கெட் பாஷாணம் வாங்கி, கருவாட்டிலோ ரொட்டித் துண்டிலோ தடவி அடுப்படி மூலையில் வைக்கிறோம். "எலிக்குத்தானே வைக்கிறோம்" என்கிறோம். ஆனால் நஞ்சுக்கு ஆள் தெரியாதுங்க.

நமது லயத்தை நினைத்துப் பாருங்கள். கூரை ஒன்று, காம்பரா பல. முதல் காம்பராவில் நஞ்சு தின்ற எலி, கூரை வழியே ஓடி ஐந்தாவது காம்பராவில் போய்ச் சாகும். இல்லாவிட்டால் பீலிக்குத் தண்ணீர் வரும் வழியில் சாகும். சில வகைப் பாஷாணம் தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தடுமாறித் திரியும். அதைப் பூனை பிடிக்கும், நாய் கவ்வும், ஆந்தையும் சாரைப்பாம்பும் விழுங்கும். எலியைத் தின்று நமக்கு உதவுகிற பிராணிகள் செத்துப்போனால் எலி கூடுமா, குறையுமா? எலிக்குக் குட்டி போட மூன்று கிழமை போதும்.

பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து இதைவிடப் பெரிது. 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்கு மருந்து வைத்தார்கள். அதன் நெடியைச் சுவாசித்தே ஆறு வயதுப் பெண் பிள்ளையும் ஒரு வயதுக் குழந்தையும் இறந்துபோனார்கள். அவர்கள் நஞ்சைத் தின்னவில்லை. நமது காம்பரா அந்த வீட்டைவிடச் சிறியது. குளிருக்கு ஜன்னலையும் பூட்டித்தான் படுக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் நஞ்சு இருந்தால், கோபத்திலும் மனவருத்தத்திலும் கை அதைத் தேடும். இலங்கையில் 1995இல் ஒரு லட்சம் பேரில் 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய பூச்சி மருந்துகள் 1995இலும் 1998இலும் தடை செய்யப்பட்டன. 2005இல் அந்தத் தொகை 24 ஆகக் குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததே பல உயிர்களைக் காத்தது.

மரக்கறித் தோட்டத்துக்கு வரும் காட்டுப் பன்றிக்கு வற்றாளைக் கிழங்கில் மருந்து வைப்பவர்களும் உண்டு. அந்தப் பன்றியின் இறைச்சி யார் வீட்டுச் சட்டிக்குப் போகும்? நாயைப் பிடிக்கிறது என்று சிறுத்தைக்கு நஞ்சு வைப்பது சட்டப்படி குற்றம்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள்.

அரிசியையும் மாவையும் மூடியுள்ள தகரத்தில் வையுங்கள். இராத்திரி எச்சில் பாத்திரத்தைப் போட்டுவைக்காதீர்கள். குப்பையைக் கானில் கொட்டாதீர்கள். எலிப்பொறி வையுங்கள், ஒரு காம்பராவில் மட்டும் வைத்தால் போதாது, லயம் முழுவதும் ஒரே நாளில் வைக்க வேண்டும். பழைய சுவர் ஓட்டைகளை அடைத்துத் தரும்படி தோட்ட நிர்வாகத்திடம் எல்லோரும் சேர்ந்து கேட்போம். அது நமது உரிமை.

தவறி யாராவது நஞ்சைத் தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். "நல்லாத்தானே இருக்கிறான்" என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். சில நஞ்சு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். பாஷாணப் பக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு வைத்தியம் செய்ய வசதி.

இன்று வீட்டுக்குப் போனதும் அடுப்படி மூலையையும் கட்டிலுக்கு அடியையும் ஒருதரம் பாருங்கள். வைத்த நஞ்சு இருந்தால், கையில் பையைப் போட்டுக்கொண்டு எடுத்து, பிள்ளையும் கோழியும் போகாத இடத்தில், பீலிக்கும் ஓடைக்கும் தூரமாக ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.